வாசகர் கேள்வி பதில்: கொக்கோடா மலைப்பாதையில 39வது பட்டாலியன்

கேள்வி: மெல்போர்ன்ல இருக்கற என் மக ஏப்ரல் 25 விடியக்காலைல அங்க நடக்கற போர்வீரர் அஞ்சலிக்கு போயிட்டு வந்து, "கொக்கோடா, 39வது பட்டாலியன்னு எல்லாரும் பேசிக்கிறாங்கப்பா, உங்களுக்கு தெரியுமா"ன்னு போன்ல கேட்டா. எனக்கு தெரியல. கொஞ்சம் சொல்லுங்களேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கண்டிப்பா சொல்றேன் ஐயா. ஆஸ்திரேலியாவுக்கு நேர் வடக்க நியூ கினி தீவு இருக்கு. அதோட தெற்கு கரையில போர்ட் மோர்ஸ்பி துறைமுகம், வடக்கு கரையில கோனா, பூனா, நடுவுல சுவர் மாதிரி ஓவன் ஸ்டான்லி மலை. ரெண்டாம் உலகப் போர் சமயம், 1942 மே மாசம் மோர்ஸ்பிய கடல் வழியா புடிக்க கிளம்பின ஜப்பான் படை பவளக் கடல் சண்டையால திரும்பிப் போச்சு, அதனால ஜூலை 21 அன்னைக்கு கோனா பக்கம் இறங்கி மலையேறி வந்தே புடிச்சிரலாம்னு பாத்தாங்க. அதுக்கு முக்கியமான வழி, கொக்கோடாங்கற மலைக் கிராமத்தோட பேர்ல இருக்கற 96 கிலோமீட்டர் ஒத்தையடிப் பாதை. அந்தப் பாதையில அவங்கள எதிர்கொள்ள அப்போ இருந்தது பப்புவாங்கற அந்தப் பகுதி ஆளுங்க கொஞ்சப் பேரும், ஆஸ்திரேலியாவோட 39வது பட்டாலியன்ல ஒரு பிரிவான பி கம்பெனி சுமார் நூறு பேரும்தான். அந்த நூறு பேர்ல நிறையப் பேருக்கு 18, 19 வயசு, காலேஜ் முதல் வருஷம் படிக்கிற நம்ம வீட்டுப் பசங்க வயசு.

கேள்வி: அவங்கள "சாக்லேட் சிப்பாய்"னு கூப்பிட்டாங்கன்னு எங்கயோ படிச்சேன். ஏன்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வெயில் பட்டா உருகிருவாங்கன்னு அர்த்தம்மா. இவங்க உள்நாட்டுக் காவலுக்குன்னு சேத்த மிலிஷியா, ஆஸ்திரேலிய மண்ணுக்கு வெளிய அனுப்பக் கூடாதுன்னு சட்டம், ஆனா பப்புவா அப்போ ஆஸ்திரேலியாவோட பிரதேசம்ங்கறதால கப்பல்ல ஏத்தி 1942 ஜனவரியில மோர்ஸ்பில கொண்டு போய் இறக்கிட்டாங்க. அங்க போய் காட்டுச் சண்டைக்கு பயிற்சி கொடுத்தாங்களான்னா அதுவும் இல்ல, மாசக்கணக்கா கப்பல்ல இருந்து மூட்டை இறக்குற வேலையும் பள்ளம் தோண்டுற வேலையும்தான். வெளிநாட்டுல சண்டை போட்டுட்டு வந்த படைக்காரங்களுக்கு இவங்கள கண்டா ஏளனம். எனக்கு இதப் படிக்கும்போதெல்லாம் மனசு பொறுக்க மாட்டேங்குது, வேலையே கத்துக் கொடுக்காம வேலை தெரியாதவன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

கேள்வி: சண்டைல முக்கியமான கட்டம் எது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்தப் பாதையில இருக்கற ஐசுராவாங்கற கிராமத்துல நடந்த சண்டை. அதுக்கு முன்னாடி நடந்தத சொன்னாத்தான் அது புரியும். பி கம்பெனி கேப்டன் சாம் டெம்பிள்டன வயசுல பெரியவர்ங்கறதால பசங்க "அங்கிள் சாம்"னு கூப்பிடுவாங்க, ஜூலை 26 அன்னைக்கு பின்னால வந்துட்டிருந்த ஆளுங்கள எச்சரிக்க தனியா கிளம்பிப் போனவர் திரும்பி வரவே இல்ல. மூணு நாள் கழிச்சு கொக்கோடாவுல முன்வரிசைல நின்ன பட்டாலியன் கமாண்டர் வில்லியம் ஓவனும் குண்டடி பட்டு இறந்துட்டாரு, கொக்கோடாவும் கை விட்டுப் போச்சு. ஆகஸ்ட் 8 கொக்கோடாவ திரும்பப் புடிக்கப் போனாங்க, ஒரு கம்பெனி உள்ள நுழைஞ்சு ரெண்டு நாள் தாக்குப்பிடிச்சுது, சாப்பாடும் தோட்டாவும் தீந்து போய் வெளிய வர வேண்டியதாயிருச்சு.

ஆகஸ்ட் 16 ரால்ஃப் ஹானர் புது கமாண்டரா வந்து சேர்றாரு. லிபியா, கிரீஸ், க்ரீட்னு சண்டை பாத்த மனுஷன். அடி வாங்கி நொந்து போயிருந்த பி கம்பெனிய பிரிச்சு மத்த கம்பெனிகள்ல போட்ரலாம்னு பேச்சு ஓடிட்டிருந்துச்சு, ஹானர் அதக் கேக்கல, எங்க அடி பலமா விழும்னு தெரிஞ்சுதோ அந்த இடத்தயே அவங்ககிட்ட ஒப்படைச்சாரு. உங்கள நம்புறேன்னு ஒரு பையன்கிட்ட இதவிட எப்படிங்க சொல்றது? மண்வெட்டி இல்ல, துப்பாக்கி முனைக் கத்தியாலயும் இரும்புத் தொப்பியாலயும் காலி மாட்டுக்கறி டின்னாலயும் குழி தோண்டி உக்காந்தாங்க. 26ம் தேதி ஜப்பான் பீரங்கி ஆரம்பிச்சுது. அடுத்த சில நாள் அலை அலையா வந்தாங்க, இவங்க விடல, உதவிக்கு 2/14வதுங்கற இன்னொரு ஆஸ்திரேலிய பட்டாலியன் வந்து சேர்ற வரைக்கும் இடத்த புடிச்சு வச்சிருந்தாங்க.

நான் மறக்க முடியாதது இதுதான். நோயாளி, காயம்பட்டவங்கன்னு கிட்டத்தட்ட முப்பது பேர பின்னால அனுப்பிட்டாங்க. வழியில போறப்போ பட்டாலியன் மாட்டிக்கிச்சுன்னு சேதி வருது, நடக்க முடிஞ்சவங்க எல்லாரும் அப்படியே திரும்பி மேல ஏறி வந்துட்டாங்க. வராதது மூணே பேர். ஒருத்தருக்கு பாதம் இல்ல, ஒருத்தருக்கு தொண்டைல குண்டு, ஒருத்தருக்கு முன்கை போயிருச்சு.

கேள்வி: அந்த மலையில காயம்பட்டவங்கள யாரு தூக்கினது? சாப்பாடு எப்படி போச்சு?
– ஓய்வு பெற்ற நர்ஸ், மதுரை

பதில்: பப்புவா ஊர்க்காரங்க தூக்கினாங்கம்மா. கழுதை கூட ஏற முடியாத பாதை, மதியம் ஆனா மழை, முழங்கால் வரைக்கும் சேறு, ராத்திரி குளிர், வயித்துப்போக்கு வேற. மரக் கம்பு ரெண்டு வெட்டி கம்பளிய கட்டி ஸ்ட்ரெச்சர் ஆக்கி, ஒரு ஆளுக்கு எட்டு பேர் மாத்தி மாத்தி தூக்குவாங்க. சறுக்கல்ல ஸ்ட்ரெச்சர் சாயாம பாத்துக்குவாங்க, ராத்திரி பக்கத்துலயே படுத்துக்குவாங்க. அரிசியும் பிஸ்கட்டும் டின் கறியும் இவங்க முதுகுலதான் மேல போச்சு, அப்பறம் மியோலாங்கற காஞ்ச ஏரில விமானத்துல இருந்து போட்டாங்க, பாதி காட்டுக்குள்ள விழுந்துரும்.

இந்த சுமைக்காரங்கள்ல பலபேர் விரும்பி வந்தவங்க இல்ல, கட்டாயமா கூட்டிட்டு வந்தவங்க. போர் முடிஞ்சதும் மெடலும் இல்ல பென்ஷனும் இல்ல. 2009லதான் ஆஸ்திரேலியா அவங்களுக்கு நினைவுப் பதக்கம் கொடுக்க ஆரம்பிச்சுது, அதுக்குள்ள முக்காவாசிப் பேரு போய்ச் சேந்துட்டாங்க. இது பெரிய அநியாயம், நான் இத எங்க வேணா சொல்லுவேன்.

கேள்வி: கடைசில அந்த பட்டாலியன் என்ன ஆச்சு?
– வாசகர், சேலம்

பதில்: ஐசுராவாவுக்கு அப்பறம் மெனாரி கிராமத்துல ஹானர் பசங்கள வரிசைல நிக்க வச்சு பேசினாரு, கிழிஞ்ச சட்டையும் தாடியுமா தடிய ஊணிக்கிட்டு நிக்கிற அந்தக் காட்சிய டேமியன் பேரர்ங்கற கேமராமேன் படம் புடிச்சு வச்சிருக்காரு, இன்னைக்கும் பாக்கலாம். ஜப்பான்காரங்க மோர்ஸ்பி விளக்கு வெளிச்சம் தெரியற தூரம் வரைக்கும் வந்து, சோறு இல்லாம திரும்பினாங்க. டிசம்பர்ல 39வது பட்டாலியன மறுபடி கோனாவுக்கு அனுப்பினாங்க. ஆஸ்திரேலியாவோட பீரங்கிக் குண்டு விழுந்துட்டிருக்கும்போதே பசங்க உள்ள பாய்ஞ்சாங்க, அவங்களுக்கு அடி படாம இருக்க குண்டு மண்ணுக்குள்ள இறங்கின பிறகு வெடிக்கிற மாதிரி வச்சிருந்தாங்க. 9ம் தேதி கோனா விழுந்துச்சு.

அதுக்கப்பறம் அதே வடக்கு கரையில இருக்கற சனனந்தா. அங்க மலேரியா ஆள வாரிட்டுப் போச்சு. 1943 ஜனவரியில விமானம் ஏற நடந்து வந்தப்போ பட்டாலியன்னு வரிசைல நின்னவங்க 32 பேர். ஜூலைல பட்டாலியனையே கலைச்சுட்டாங்க.

கேள்வி: இப்போ அங்க போய் பாக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: முடியும் தம்பி, உடம்ப நல்லா தயார் பண்ணிக்கிட்டு போங்க. ஐசுராவாவுல நாலு கருங்கல் தூண் நிக்கிது, துணிவு, தாங்கும் சக்தி, நட்பு, தியாகம்னு ஆங்கிலத்துல ஒவ்வொண்ணுலயும் ஒரு வார்த்தை. மோர்ஸ்பி பக்கத்துல போமானா கல்லறைத் தோட்டம் இருக்கு, 3000த்துக்கு மேல கல்லறை. பாதையில நடக்கறவங்க மூட்டைய இன்னைக்கும் அந்த ஊர் ஆளுங்கதான் தூக்கிட்டு கூட வர்றாங்க, அவங்க தாத்தா பேரையும் கேட்டுட்டு வாங்க.