வடசென்னையில் கைவிடப்பட்ட துத்தநாகச் சுரங்கம் ஏதாவது இருக்கிறதா?

இல்லை. தண்டையார்பேட்டையிலோ எண்ணூரிலோ தோண்டினால் வருவது கடல் மணலும் கொசஸ்தலை ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலும்தான். காசிமேட்டில் இரும்புப் படகுகளின் அடியில் துருப்பிடிக்காமலிருக்க வைக்கும் துத்தநாகக் கட்டி வெளியிலிருந்து வருவது.

கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களைப் பார்க்க ராஜஸ்தானில் உதய்பூருக்குத் தெற்கே உள்ள ஜாவருக்குப் போங்கள். அங்கே ஆரவல்லி மலையின் டோலமைட் பாறைக்குள் துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்த ஸ்பேலரைட் கிடக்கிறது, கூடவே ஈயத் தாதுவும். பாறையை நெருப்பால் சூடாக்கி, விரிசல் விட வைத்து உடைத்திருக்கிறார்கள். உள்ளே கிடைத்த மரத்துண்டுகளின் வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல்!

அதைவிடப் பெரிய விஷயம் உருக்கிய முறை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்கவோ இன்னும் அதிகச் சூடு வேண்டும். அதனால் உலோகம் ஆவியாகத்தான் வெளிவரும், காற்றுப் பட்டால் வெறும் வெள்ளைத் தூளாகிவிடும். சரி, என்ன செய்தார்கள்? கத்தரிக்காய் வடிவ மண்குடுவையில் தாதுவை அடைத்து, கழுத்து கீழே இருக்கும்படி உலையில் கவிழ்த்தார்கள். ஓர் உலைக்கு 36 குடுவைகள். ஆவி கீழே இறங்கி, குளிர்ந்த பாத்திரத்தில் உலோகமாகச் சொட்டியது. ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் இதற்குக் காப்புரிமை பெற்றது 1738-இல்; ஜாவர் உலைகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த உலைகள் அணைந்தன. அப்புறம் 20-ஆம் நூற்றாண்டில் நவீனச் சுரங்கம் வந்தது, இன்றும் நடக்கிறது. பழைய குடைவுகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. தீர்ந்த குடுவைகளை ஊர்க்காரர்கள் வீட்டுச் சுவர் கட்டவும் எடுத்துக்கொண்டார்கள்.