நான்காவது துளையை அடைத்தால் பந்து திரும்பாதா?

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய பவுலிங் பந்தை வாங்கினேன். விரல்களுக்கான மூன்று துளைகள் போக, பக்கவாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. லீக்கில் அதை அடைக்கச் சொல்கிறார்கள். "ஹூக் (பந்து ஓடி வளைந்து திரும்புவது) வருவதே அந்த வெயிட் ஹோலால்தான், அடைக்காதே" என்கிறார் நண்பர். என்ன செய்வது?
– ஒரு வாசகர், கோலாலம்பூர்

பதில்: அடைத்துவிடுங்கள். அமெரிக்காவில் பவுலிங் விதிகளை வகுக்கும் யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்ட் 1 முதல் இந்தத் துளைகளுக்குத் தடை போட்டுவிட்டது. விரல் நுழையாத துளை பந்தில் இருக்கக் கூடாது. உங்கள் லீக்கும் அதைத்தான் கேட்கிறது.

ஆனால் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியைத் தெரிந்துகொண்டு அடைப்பது நல்லது. ஒரு துளை போட்டால் பந்திலிருந்து ஓரிரு அவுன்ஸ் வெளியே போகிறது. எங்கிருந்து போகிறது என்பதுதான் கேள்வி. பந்தின் மேல் சிறிய வண்ணப் புள்ளி ஒன்று தெரியும், அதைப் பின் என்பார்கள். உள்ளே இருக்கும் கனமான கருவான கோரின் தலை அங்கேதான் இருக்கிறது. பின்னைச் சுற்றிப் பந்து சுலபமாகச் சுழலும், அதற்குக் குறுக்கே சுழல்வது கடினம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடக்கூட ஃப்ளேரும், அதாவது ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் பந்து லேனைத் தொடும் கோடு இடம் மாறுவதும், கூடும். பின்னுக்குப் பக்கத்தில் துளை போட்டால் வித்தியாசம் சுருங்கி ஃப்ளேர் குறையும். பின்னிலிருந்து 6¾ அங்குலம், அதாவது பந்தின் சுற்றளவில் கால் பங்கு தள்ளிப் போட்டால் வித்தியாசம் விரிந்து ஃப்ளேர் கூடும். இடைப்பட்ட ஓர் இடத்தில் பெரிய மாற்றம் இருக்காது. ஆகவே உங்கள் பந்தை அடைத்தால் ஃப்ளேர் குறையலாம், கூடவும் செய்யலாம். முதலில் ஒரு டேப்பை வைத்துப் பின்னிலிருந்து துளை வரை அளந்து பாருங்கள்.

அடைப்பதற்கு முன் இன்னொன்றையும் கட்டாயம் செய்யுங்கள். எண்ணெய் புதிதாகப் போட்ட லேனில் (பந்து ஓடும் பாதையில்) ஒரே ஒரு பந்து வீசி, திரும்பி வந்ததும் துடைக்காமல் பாருங்கள். எண்ணெய்க் கோடுகள் வளையம் வளையமாக, இரண்டு இடத்தில் ஒன்றுசேர்ந்து நடுவில் விரிந்து, போ டை மாதிரித் தெரியும். ஒவ்வொரு வளையமும் ஒரு சுற்று. விரிவு அதிகமான இடத்தில் முதல் வளையத்துக்கும் கடைசி வளையத்துக்கும் உள்ள தூரம்தான் உங்கள் ஃப்ளேர். அதைக் குறித்துவையுங்கள். ஃப்ளேர் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் எண்ணெய் படாத மேற்பரப்பு லேனைத் தொடும், அப்போதுதான் பிடிப்பு கிடைக்கும். இல்லாவிட்டால் எண்ணெய் பட்ட அதே கோட்டிலேயே பந்து வழுக்கிக்கொண்டு போகும். இந்த அளவை நண்பரின் பந்தோடு ஒப்பிட வேண்டாம், வீசும் கை மாறினால் ஃப்ளேரும் மாறும்.

அப்புறம், பந்து வேறொருவர் கைக்குத் துளையிட்டது. எப்படியும் விரல் துளைகளையும் அடைத்து உங்கள் கைக்கு மறுபடி போட வேண்டியிருக்கும். உங்கள் வசம் இருக்கும் பெரிய வாய்ப்பு அதுதான். நீங்கள் வீசும்போது பந்து சுழலும் அச்சின் முனையை பந்துக்குத் துளையிடும் ப்ரோ ஷாப்பில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சமச்சீர் கோர் என்றால், பின் அந்த முனையிலிருந்து 3⅜ அங்குலத்தில் அமையும்போது ஃப்ளேர் மிக அதிகம். முனையின் மேலேயே வைத்தாலும் 6¾ அங்குலம் தள்ளினாலும் ஏறக்குறைய இல்லாமல் போகும். அடைத்ததால் இழந்தது ஏதாவது இருந்தால் இங்கே பெரும்பகுதியை மீட்டுவிடலாம். வளையங்கள் விரல் துளைகளின் மேல் ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏறினால் பந்து ஓடும்போது டக் டக்கென்று சத்தம் கேட்கும்.

வேலை முடிந்து பந்து கைக்கு வந்ததும், அதே மாதிரிப் புது எண்ணெய் லேனில் ஒன்று வீசி, குறித்துவைத்த அளவோடு சேர்த்துப் பாருங்கள்.