கல்லூரி மாணவராகப் பன்முகத்தன்மை, சமநீதி, உள்ளடக்கம் ஆகியவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

கேட்டவர் கல்லூரியில் படிக்கிறவர் என்று தெரிகிறது. வேலைக்கான நேர்காணலில் டிஇஐ (இந்த மூன்று சொற்களுக்குமான ஆங்கிலச் சுருக்கம்) பற்றிக் கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அல்லது ஏதோ ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்து மூன்று சொற்களுக்கும் விளக்கம் எழுதிக்கொண்டு வந்திருப்பீர்கள். விளக்கம்தான் வேண்டுமென்றால் சீக்கிரம் முடித்துவிடலாம். பலதரப்பட்டவர்கள் உள்ளே வந்திருக்கிறார்களா என்பது முதலாவது. அவரவர் நிலைமைக்கு ஏற்ற ஏற்பாடு இருக்கிறதா என்பது இரண்டாவது. வந்தவர்களுக்குப் பேசவும் முடிவெடுக்கவும் மற்றவர்களைப் போலவே இடம் இருக்கிறதா என்பது மூன்றாவது. நேர்காணலுக்கு இவ்வளவு போதும். இதற்கு மேல் நான் எழுதுவது, இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சூடு இருப்பதால்.

எனக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. பள்ளி நாட்களிலிருந்தே காதுக்கருவி மாட்டியிருக்கிறேன். கருவி மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. கருவி சத்தத்தைக் கூட்டும், தெளிவைக் கூட்டுவது அதன் கையில் இல்லை. ஆசிரியர் குரலோடு மின்விசிறி, நாற்காலி இழுபடும் ஓசை, பின்வரிசைச் சிரிப்பு எல்லாமே சேர்ந்து பெரிதாகும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் இறங்கிவிடும். வகுப்பறையிலோ எதிரொலி வேறு குழப்பும். மீதியை உதட்டைப் பார்த்துத்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். உதட்டில் 'பாலை'யும் 'மாலை'யும் ஒன்றுபோலவே தெரியும், முன்பின் வார்த்தைகளை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் அந்த ஊகமும் போச்சு.

எங்கள் வகுப்பில் ரோல் நம்பர் வரிசைப்படி இடம். என் எண் கடைசிக்கு முந்தின பெஞ்சில் போய் விழுந்தது. முன்னால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், தந்தார்கள், சண்டை எதுவும் இல்லை. ஆனால் தந்தது அந்த ஒரு ஆசிரியர். அடுத்த பாடத்துக்கு வருகிறவரிடம் மறுபடி கேட்க வேண்டும். அடுத்த பருவத்தில் புது ஆசிரியர், மறுபடி முதலிலிருந்து. லேப்பில் தனியாக, தேர்வு அறையில் தனியாக. ஒவ்வொரு தடவையும் வகுப்பே பார்க்க முன்னால் போய் நின்று என் காதைப் பற்றிப் பேச்சைத் தொடங்க வேண்டும். சில நாள் அதற்குத் தெம்பு இருக்காது. பேசாமல் பின்னால் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவன் எழுதுவதைப் பார்த்து எழுதுவேன். 'அவன் கவனிக்கவே மாட்டான்' என்று எனக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

ஆகவே என்னைக் கேட்டால் வகுப்பில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: யாருக்குக் கேட்காமலே கிடைக்கிறது, யார் ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது? இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வலப்பக்கம் பலகை வைத்த நாற்காலி. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கென்று கட்டிய கழிப்பறைக்குப் பூட்டு, சாவி யாரிடமோ. வேறு மொழியில் படித்துவிட்டு வந்தவர் சந்தேகம் கேட்க எழுந்தால் அவர் உச்சரிப்புக்கு ஒரு சிரிப்பு. இப்படித் தேட ஆரம்பித்தால் பட்டியல் நீளும். சாதி, பாலினம் பற்றியெல்லாம் நான் சொல்லவில்லையே என்று வராதீர்கள். அவை இதைவிடக் கனமானவை என்று தெரியும். அதைச் சுமந்தவர்கள் எழுதினால் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

இரண்டாவது சொல்லான சமநீதி எனக்குப் புரிந்தது ஒரு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில். வேதியியல் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் ரெக்கார்டு நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டே கேள்வி கேட்டார். அசிட்டிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தையும் வைத்துச் செய்த தரம்பார்த்தல் அது. வினை முடிந்ததை நிறம் மாறிக் காட்ட ஒரு நிறங்காட்டி சேர்ப்போம், மெத்தில் ஆரஞ்சு அப்படி ஒன்று. 'இதற்கு ஏன் மெத்தில் ஆரஞ்சு பயன்படுத்தவில்லை?' என்று கேட்டிருக்கிறார். எனக்குக் காதில் விழுந்தது 'மெத்தில் ஆரஞ்சு' மட்டும். அமிலத்தில் சிவப்பு, பிறகு மஞ்சள் என்று அதன் நிறமாற்றத்தை ஒப்பித்தேன். அவர் நிமிராமலே ஏதோ குறித்துக்கொண்டார். அந்த வினையில் சமானப் புள்ளி (அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகும் இடம்) காரப் பக்கம் விழும், மெத்தில் ஆரஞ்சு அதற்கு வெகுமுன்பே மாறிவிடும், அதனால்தான் பினால்ஃப்தலீன் என்ற வேறு நிறங்காட்டி. இது எனக்குத் தெரியாததில்லை. வெளியே வந்த பிறகு நண்பன் சொல்லித்தான் கேள்வியே என்னவென்று தெரிந்தது.

அடுத்த தடவை கேள்வியைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள் என்று துறைத் தலைவரிடம் போனேன். 'உனக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மத்தவங்களுக்கு அநியாயம் இல்லையா?' என்றார். கெட்ட மனிதர் இல்லை, நிஜமாகவே நியாயம் என்று நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் இன்றுவரை அந்த வாக்கியம் உறுத்துகிறது. அந்தத் தேர்வு எதை அளக்கிறது? என் வேதியியலையா, என் காதையா? வேதியியலை என்றால், கேள்வி காகிதத்தில் வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இதே சங்கதி அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது என்று பின்னால் படித்தேன். டியூக் பவர் என்ற மின் நிறுவனத்தில் நல்ல சம்பளமுள்ள வேலைகளுக்குப் பள்ளிப் படிப்புச் சான்றிதழும் பொது அறிவுத்திறன் தேர்வுகளும் வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே விதி. ஆனால் வேலைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக அவர்களால் காட்ட முடியவில்லை, அதில் அடிபட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள். 1971இல் தீர்ப்பு தொழிலாளர்கள் பக்கம் வந்தது. அதை எழுதிய தலைமை நீதிபதி பர்கர் நரியும் நாரையும் கதையை எடுத்தாண்டிருக்கிறார். நாம் சின்ன வயதில் கேட்டதுதான்: நரி தட்டையான தட்டில் ஊற்றி நாரையை விருந்துக்கு அழைத்த கதை. இருவருக்கும் ஒரே தட்டு, ஒரே அளவு. எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் எங்கள் துறைத் தலைவரிடம் சொல்லியிருப்பேன்.

சலுகை என்ற பேச்சுக்கு 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையிலும் பதில் இருக்கிறது. நியாயமான தகவமைப்பை, அதாவது அவரவர் தேவைக்கு ஏற்ற மாற்றத்தை, தர மறுப்பதே பாகுபாடு என்கிறது அதன் இரண்டாம் உறுப்பு. எதிர்த்தரப்பின் மேல் அளவுக்கு மீறிய சுமை விழக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு துண்டுக் காகிதம் அப்படி என்ன சுமை? கடிதம் மேல் கடிதம் கொடுத்த பிறகு ஒப்புக்கொண்டார்கள். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்காதீர்கள், இங்கே அது விஷயமில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கரிம வேதியியல் எடுத்த ஓர் ஆசிரியை, நான் வாய் திறப்பதற்கு முன்பே, ஒவ்வொரு வகுப்பின் குறிப்பையும் முந்தைய நாள் இரவே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட ஆரம்பித்தார். எனக்கென்று தனியாக அனுப்பவில்லை, எல்லாருக்கும். காய்ச்சலில் படுத்தவன், மாலையில் வேலைக்குப் போகிறவள், ஆங்கிலம் தடுமாறுகிறவன் எல்லாரும் அதை வைத்துத்தான் படித்தார்கள். என் காதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த ஒரு பாடத்தில் மட்டும் நான் யாரிடமும் போய் நிற்கவில்லை.

அதே கல்லூரியில் உள்ளடக்கம் பற்றி ஒரு கருத்தரங்கும் நடந்தது. பெரிய அரங்கு, எதிரொலிக்கும் மைக், திரையில் எழுத்து கிடையாது. வேலிக்குப் பின்னால் பெட்டி மேல் நின்று ஆட்டம் பார்க்கும் மூன்று பையன்கள் படத்தைக் காட்டினார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தப் படமே பிடிக்காது. குட்டைப் பையனுக்கு எத்தனை பெட்டி என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள், அவன் முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறான். அன்றைய பேச்சில் எனக்குப் புரிந்தது அந்தப் படமும் கடைசிக் கைதட்டலும்தான்.

யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். காது கேளாதவர்களுக்காக 1864இலிருந்து நடக்கும் கல்லூரி. மாணவர்கள் விஷயத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் 1988 வரை அதற்குக் காது கேளாத தலைவர் ஒருவர்கூட வந்ததில்லை. அந்த மார்ச்சில் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரில் இருவர் காது கேளாதவர்கள். நிர்வாகக் குழு மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வளாகத்தை இழுத்து மூடினார்கள். ஒரு வாரத்தில் அவர் விலகினார், ஐ. கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவரானார். மூன்றாவது சொல்லான உள்ளடக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, 'அமெரிக்காவிலேயே இதையெல்லாம் மூடுகிறார்களே' என்று ஒருவர் வருவார். உண்மைதான். 2023இல் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் இனத்தைப் பார்த்துச் சேர்க்கை கொடுப்பதை அந்த உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2025 ஜனவரியில் கூட்டாட்சி அரசின் டிஇஐ திட்டங்களை நிறுத்த டிரம்ப் உத்தரவு போட்டார். சில இடங்களில் இது சான்றிதழ் வியாபாரமாகிவிட்டதும் எனக்குத் தெரியும். டிஇஐ அலுவலகத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றலாம், அதனால் என் பெஞ்ச் முன்னால் வந்துவிடாது. 'தகுதி என்ன ஆவது?' என்கிறவர்கள் மேலே வைவா பகுதியை இன்னொரு முறை படிக்கவும்.

தொடர்பில்லாமல் ஒன்று, ஆனால் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. குழு புராஜெக்ட் என்ற ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்கள்? எங்கள் குழுவில் அறிக்கை முழுக்க நான் எழுதினேன். ஸ்லைடு தயாரானது முந்தைய நாள் இரவில், அதுவும் என் கணினியில். 'உனக்கு எதுக்கு சிரமம்' என்று பரிவோடு மேடையில் பேச வேறொருவன் போனான். பாராட்டு அவனுக்கு, மதிப்பெண் எல்லாருக்கும் சமம். இது காதுப் பிரச்சினையா என்றால் இல்லை, நன்றாகக் கேட்கிறவர்களுக்கும் இதே கதிதான். ஆசிரியர்கள் யாராவது படித்தால் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள், புண்ணியமாகப் போகும்.

நேர்காணலில் கேட்டால் விளக்கத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, உங்கள் துறையில் நீங்களே பார்த்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்: பூட்டிக் கிடந்த கழிப்பறை, எழுத்து ஓடாத பாட வீடியோ, எதுவானாலும். அப்புறம், போன பதிலுக்கு ஒருவர் 'காது கேட்காதவர் எழுதியதுபோல் இல்லையே' என்று கருத்துப் போட்டிருந்தார். இந்த முறை அது வேண்டாம் ஐயா.