மூன்று கொம்பன் டைனோசரான டிரைசெரடாப்ஸ் பற்றி வாசகர்கள் கேட்டவை

டிரைசெரடாப்ஸின் கொம்பு சண்டைக்கா, அழகுக்கா?

இரண்டுக்கும்தான் என்பேன். சண்டைக்கு எலும்பே சாட்சி. தலைக்குப் பின்னால் முறம்போல் விரிந்திருக்கும் கேடயத்தின் பக்கவாட்டு எலும்பில், காயம்பட்டு ஆறிய தழும்புகள் பல மண்டையோடுகளில் இருக்கின்றன. 2009இல் புதைபடிவ ஆய்வாளர் ஆண்ட்ரூ ஃபார்க் குழுவினர் இவற்றை, உறவுக்கார டைனோசரான சென்ட்ரோசாரஸின் மண்டையோடுகளோடு ஒப்பிட்டார்கள். அதற்குக் கண்ணுக்கு மேலே சின்னக் கொம்புதான். கேடயத்தின் பக்கவாட்டு எலும்பில் தழும்பும் குறைவு. கிடாக்கள் கொம்பைக் கோத்துக்கொண்டு தள்ளுமே, அப்படித்தான் டிரைசெரடாப்ஸ்களும் தங்களுக்குள் மோதியிருக்க வேண்டும்.

ஆனால் சண்டை போடும் வயதே வராத குட்டிக்கும் கொம்பு உண்டு. முதலில் குட்டையாக, நேராக முளைக்கும். அப்புறம் பின்பக்கம் வளையும். முழுதாக வளர்ந்ததும் முன்பக்கம் திரும்பி, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும். கூட வாழ்ந்தவற்றுக்கு, எது குட்டி, எது பெரியது என்று தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும்.

ஊனுண்ணி டைனோசரான டி.ரெக்ஸிடமிருந்து தப்பித்திருக்குமா?

ஒன்றாவது தப்பித்திருக்கிறது. ஒரு மண்டையோட்டில் கண்ணுக்கு மேலுள்ள கொம்பு கடித்து முறிக்கப்பட்டிருக்கிறது. முறிந்த இடத்தில் எலும்பு மறுபடி வளர்ந்திருக்கிறது. கடிபட்ட பிறகும் அது உயிரோடு இருந்தது என்று அர்த்தம்.

புல் மேய்ந்ததா?

அப்போது வட அமெரிக்காவில் புல்வெளியே கிடையாது. பெரணி, பனைவகை போன்ற நார்ச்செடிகளைக் கிளி மூக்கு போன்ற அலகால் ஒடித்துத் தின்றிருக்கும். தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் 36 முதல் 40 பல் வரிசைகள். ஒவ்வொன்றிலும் 3 முதல் 5 பற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். மேல்பல் தேய்ந்தால் அடுத்தது தயார். அரைக்காது, பாக்குவெட்டிபோல் நறுக்கும்.

முதலில் எப்போது கிடைத்தது, பெயர் வைத்தது யார்?

1887இல் அமெரிக்காவின் டென்வர் அருகே ஒரு ஜோடிக் கொம்பு கிடைத்தது. புதைபடிவ ஆய்வாளர் ஒத்னீல் மார்ஷ் அதைப் பெரிய காட்டெருமை என்று நினைத்து, அப்படியே பெயரும் வைத்தார். மண்டையோடுகள் வந்த பிறகு, 1889இல் டிரைசெரடாப்ஸ் என்ற பெயரைக் கொடுத்தார்.

மகளின் பொம்மையில் கேடயத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள். தவறா?

டிரைசெரடாப்ஸ் என்று விற்றிருந்தால் தவறுதான். அதன் கேடயம் ஓட்டையில்லாத கெட்டி எலும்பு. ஓட்டை, கொம்புள்ள இன்னொரு டைனோசரான டோரோசாரஸுக்கு உண்டு. அது வயதான டிரைசெரடாப்ஸ்தான் என்று 2010இல் ஆய்வாளர்கள் ஸ்கேனெல்லாவும் ஹார்னரும் எழுதினார்கள். வளர்ச்சி முடியாத டோரோசாரஸ் என்று கருதத்தக்க மண்டையோடுகளும் இருப்பதால், இரண்டும் வேறு என்பதே என் கட்சி. மகளிடம் டோரோசாரஸ் என்றே சொல்லிக்கொடுங்கள்.