பி.ஆர். வரும் வரை பாஸைக் கைவிடாதீர்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கணவர் புதுக்கோட்டைக்காரர். 2013-இல் அங்கே கோவிலில் கல்யாணம், சில வாரங்களில் இங்கே ஜேபிஎன்னிலும் (தேசியப் பதிவுத் துறை) பதிந்துவிட்டோம். நீண்டகால சமூக வருகை பாஸில்தான் இருக்கிறார். 2020-இல் பி.ஆர். (நிரந்தரமாக இங்கே தங்கும் உரிமை) விண்ணப்பம் போட்டோம். போய்க் கேட்டால் ஒவ்வொரு முறையும் "டாலம் புரோசெஸ்" (பரிசீலனையில் இருக்கிறது) என்கிறார்கள். பாஸ் இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது. விண்ணப்பம்தான் உள்ளே இருக்கிறதே, பாஸுக்கு மறுபடி ஏன் அலைய வேண்டும் என்கிறார் இவர். ஓர் ஏஜெண்ட், 6,000 வெள்ளி தந்தால் மூன்று மாதத்தில் சிவப்பு ஐசி (பி.ஆர். உள்ளவர்களின் அடையாள அட்டை) வாங்கித் தருகிறாராம். பக்கத்து வீட்டுத் தஞ்சாவூர் மருமகளுக்குக் குடியுரிமையே கிடைத்துவிட்டது. இவருக்கு ஏன் இல்லை? ஊரில் மாமியாருக்கும் உடம்பு முடியவில்லை. போய் வந்தால் விண்ணப்பம் கெட்டுவிடுமா?

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பி.ஆர். விண்ணப்பம் எத்தனை வருடம் உள்ளே கிடந்தாலும் அது அவருக்கு இங்கே தங்கும் உரிமையைத் தராது. அந்த உரிமை பாஸில் மட்டுமே இருக்கிறது. பாஸ் முடிந்த மறுநாளே அவர் அனுமதியில்லாமல் தங்கியவர் ஆகிவிடுவார். குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் அதற்குத் தண்டனை குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பி.ஆர். கேட்டிருக்கிறேன் என்பது அங்கே பதிலாகாது. தொடர்ந்து முறையாகத் தங்கியிருந்தார் என்பதுதான் விண்ணப்பத்துக்கே ஆதாரம். பாஸ் விட்டுப்போனால் இத்தனை வருடம் காத்திருந்ததிலும் ஓட்டை விழும்.

அதனால் கடைசி வாரம் வரை வைத்திருக்காமல் அடுத்த மாதமே இருவரும் சேர்ந்து குடிநுழைவு அலுவலகத்துக்குப் போங்கள். உள்ளூர்த் துணையான நீங்களும் நேரில் இருக்க வேண்டும். உங்கள் ஐசி, திருமணச் சான்றிதழ், பி.ஆர். விண்ணப்ப ரசீது எல்லாவற்றிலும் அசலும் நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பாஸ்போர்ட்டில் எத்தனை மாதம் மிச்சம் என்று முதலில் பாருங்கள். பாஸ்போர்ட் முடியப்போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு வாருங்கள். அவர் எங்காவது வேலை செய்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. செய்தால், அதற்கு அனுமதி இருக்கிறதா என்றும் அன்றே கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது முகவரி. கடிதத்தில் நீங்கள் தோட்ட முகவரிதான் எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்திலும் அதுவேதானா? தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தனித்தனியாகத் தபால் வராது, ஆபீஸுக்கு மொத்தமாக வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என்னிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு நேர்காணல் கடிதம் வந்து ஆபீஸ் மேசை டிராயரில் ஐந்து மாதம் கிடந்தது. பழுப்பு உறை, மேலே அரசு முத்திரை, ஓரத்தில் தேநீர்க் கறை. கையில் கிடைத்தபோது தேதி எப்போதோ போயிருந்தது. ஆள் வரவில்லை என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை. வீடு மாறியிருந்தாலும் மாறாவிட்டாலும், கடிதம் நிச்சயம் கைக்கு வரும் ஒரு முகவரியையும் இப்போதைய கைப்பேசி எண்ணையும் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

தாமதத்துக்கு வருவோம். இத்தனை மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் கெடு வைக்கவில்லை. பி.ஆர். தருவதும் மறுப்பதும் அரசின் விருப்புரிமை. ஆனால் வாயால் கேட்பதற்கும் எழுதிக் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கவுண்டரில் கேட்ட கேள்வி காற்றோடு போய்விடும். கடிதம் கோப்பில் நிற்கும். விண்ணப்ப எண், போட்ட தேதி, போய்க் கேட்ட தேதிகள், பிள்ளைகள் இருந்தால் அவர்கள் விவரம், இவ்வளவையும் ஒரே பக்கத்தில் மலாயில் எழுதி, குடிநுழைவுத் துறைக்கும் உள்துறை அமைச்சுக்கும் அனுப்புங்கள். இரண்டு மாதம் பார்த்துவிட்டுப் பதில் இல்லையென்றால் பொதுப் புகார் பிரிவிலும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் அதே கடிதத்தைக் கொடுங்கள்.

நீதிமன்றம் போகலாமா? போகலாம், ஆனால் அது கடைசி வழி. குடிநுழைவுச் சட்டத்தின் 59ஏ பிரிவு, அதிகாரிகளின் முடிவை நீதிமன்றம் கேள்வி கேட்பதைப் பெரும்பாலும் தடுக்கிறது. நடைமுறைத் தவறு நடந்திருந்தால்தான் கதவு திறக்கும். உங்களுக்கோ இன்னும் முடிவே வரவில்லை. எழுதி எழுதியும் பதில் இல்லை என்று காட்ட முடிந்தால், முடிவு சொல்லுங்கள் என்று கட்டளை கேட்கலாம். அதற்கும் மேலே சொன்ன கடிதங்கள்தான் ஆதாரம். ஒருவேளை நிராகரிப்புக் கடிதம் வந்தால் அன்றே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த முடிவை நீதிமன்றம் ஆராயக் கேட்கும் சீராய்வு மனுவுக்கு மூன்று மாதம்தான் அவகாசம்.

ஏஜெண்டுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் ஏமாற்றாகப் போனால் 6,000 வெள்ளி நஷ்டம். உண்மையிலேயே ஓர் அதிகாரியின் கைக்குப் போனால் இன்னும் மோசம்: 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் வாங்கினவரைப் போலவே கொடுத்தவருக்கும் 20 வருடம் வரை சிறை.

பக்கத்து வீட்டு மருமகள் விஷயத்தில் உங்கள் வருத்தம் நியாயமானது. நம் அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, குடிமகனின் மனைவிக்குத்தான் பதிவு மூலம் குடியுரிமை கேட்கும் வழியைத் தருகிறது. குடிமகளின் கணவருக்கு அது இல்லை. அவர் 19-ஆவது பிரிவின்படி, 12 வருடத்தில் மொத்தம் 10 வருடம் இங்கே வாழ்ந்து, மலாயும் தெரிந்து, இயற்குரிமைக்கு (இங்கே நெடுநாள் வாழ்ந்த வெளிநாட்டவர் பெறும் குடியுரிமைக்கு) விண்ணப்பிக்க வேண்டும். 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறிய திருத்தம், மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு வழி விட்டது. கணவர்களைத் தொடவில்லை. இது அநீதி என்றே நான் நினைக்கிறேன், மேடையிலும் சொல்லியிருக்கிறேன். ஆனால் சட்டம் மாறும் வரை உங்கள் கணவருக்கு முதல் படி பி.ஆர்.தான்.

உங்களுக்குத் திருமணப் பதிவில் பிரச்சினை இல்லை. கோவிலோடு நிறுத்திக்கொண்டவர்கள் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, வெளிநாட்டில் மணம் முடித்தவர்கள் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.

மாமியாரைப் பார்க்கப் போவதால் மட்டும் விண்ணப்பம் கெடாது. ஆனால் அவர் அங்கே இருக்கும்போது பாஸ் முடிந்துவிட்டால் திரும்பி வருவதே சிக்கலாகிவிடும். புதுப்பித்த பாஸ் கைக்கு வந்ததும், பலமுறை நுழையும் விசா அதில் இருக்கிறதா என்று பார்த்து டிக்கெட் போடுங்கள். அவர் ஊரில் இருக்கும் நாட்களில் தபாலை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.