20 கருவுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 12 கறவை மாடுகள். போன வருஷம், பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்து ஊசி போடவும் கொட்டகையைச் சீர் செய்யவும் கடன் வாங்கினேன். பாதிகூட அடையவில்லை. இப்போது என் மைத்துனர், உயர்ரகப் பசுவின் முட்டையை ஆய்வகத்தில் கருவூட்டி உருவாக்கிய ஐவிஎஃப் கரு 20 வாங்கி, என் 12 மாட்டிலும் அவருடைய 8 மாட்டிலும் வைக்கலாம் என்கிறார். பழைய கடன் மீதே கூடுதல் கடன் (டாப்-அப்), 36 மாதத் தவணை, என் பெயரில். என் மாடுகள் ஈத்துக்கு ஈத்து 17 மாதம் எடுக்கின்றன. மறுத்தால் வீட்டில் மனக்கசப்பு வரும். என்ன செய்ய?

பதில்: கடன் உங்கள் பெயரில், கருவில் எட்டு அவருடைய மாட்டில். இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? சரி, கணக்கையாவது போட்டுப் பார்ப்போம்.

20 கரு வைத்தால் நல்ல பராமரிப்பிலேயே சினை பிடிப்பது ஏறக்குறைய 40 சதவீதம். அதாவது 8. ஒன்று இடையில் கலைந்தால் 7 கன்று. பாலினம் பிரித்த கரு என்றே வைத்துக்கொண்டாலும் கிடேரி, அதாவது பெண் கன்று, 6. முதல் ஈத்து வரைக்கும் ஒன்று கழிந்தால் 5. விற்பவர் ஒரு கருவின் விலையைச் சொல்வார். நீங்கள் அதை நான்கால் பெருக்கிப் பாருங்கள். அதுதான் ஒரு கறவை மாட்டின் விலை, இரண்டு வருஷத் தீவனம் சேர்க்காமல்.

அந்தப் பால் எப்போது வரும்? சினை ஒன்பது மாதம், கன்று வளர்ந்து தானே ஈன இன்னும் இரண்டு, இரண்டரை வருஷம். மொத்தம் 33 முதல் 39 மாதம். உங்கள் தவணையோ 36 மாதம். கிட்டத்தட்ட கடைசித் தவணை கட்டும் வரை அந்தக் கருவிலிருந்து கறக்க ஒன்றும் இருக்காது. கரு சுமக்கும் மாடும் ஈன்ற பிறகு தன் பழைய பாலைத்தான் கறக்கும். கரு எவ்வளவு உசத்தியானாலும் தாயின் மடி மாறாது. ஆகவே தவணையைக் கட்டப்போவது இப்போதுள்ள 12 மாட்டின் பால்தான். அதிலிருந்து ஏற்கெனவே ஒரு கடன் போய்க்கொண்டிருக்கிறது.

உங்களைக் கெடுப்பது கரு அல்ல. ஒரு கடன் முடியும் முன்பே அதன் மேல் இன்னொன்றை ஏற்றும் பழக்கம். போன வருஷம் ஊசி, இந்த வருஷம் கரு, அடுத்த வருஷம் மரபணுவைப் பார்த்து மாட்டின் தரத்தைக் கணிக்கும் ஜீனோம் பரிசோதனை என்று யாராவது வருவார்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய 17 மாதத்தைப் பாருங்கள். 13 மாதத்தில் ஈன வேண்டிய மாடு 4 மாதம் தள்ளிப்போகிறது. 12 மாட்டுக்கு 48 மாதம். ஒரு சுற்றில், ஒரு மாடு நான்கு வருஷம் பால் வற்றியோ கடைசிச் சொட்டிலோ நின்று தீவனம் தின்ற கணக்கு! இதற்கு ஐவிஎஃப் மருந்தல்ல. மெலிந்த மாடும் கருப்பை நோயுள்ள மாடும் ஊசியைப் போலவே கருவையும் பிடிக்காது.

மாடு சினைக்குத் தயாராகும் பருவத்தை யார் பார்க்கிறார்கள்? பகலில் பால் ஊற்றப் போகும்போது ஒரு பார்வை என்றால் போதாது. பல மாடுகள் இரவிலும் விடியலிலும்தான் காட்டும். ஒன்றைத் தவறவிட்டால் 21 நாள் போச்சு. ஈன்று 60 நாளாகியும் பருவத்துக்கு வராத மாட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட மாட்டுக்கு இரண்டு மாதத்துக்குள் சினைப் பரிசோதனை செய்யுங்கள். பாலினம் பிரித்த விந்தை இன்னும் ஈனாத கிடேரிகளோடு நிறுத்துங்கள். அதில் சினைப்பிடிப்பு பொதுவாகச் சற்றுக் குறைவு, திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும் மாட்டுக்கு அதைப் போடுவது வீண்.

மைத்துனரிடம், "பழைய கடன் முடியும் வரை எந்தக் கையெழுத்தும் இல்லை" என்று சொல்லுங்கள். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால் தன் எட்டு மாட்டுக்குத் தன் பெயரில் வாங்கட்டும். அதற்குள் கரு விற்பவரிடம் ஒன்று மட்டும் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்: சினை உறுதியான பிறகு பணம் வாங்கிக்கொள்வாரா? சம்மதித்தால், உங்கள் கடன் முடிந்த பிறகு இரண்டு மாட்டில் வைத்துப் பாருங்கள், கையிலுள்ள பணத்தில்.