கவுன்ட்டி ஜெயிலில் யார் யாரோடு? (வாசகர் கேள்வி–பதில்)

கேள்வி: அமெரிக்கச் செய்திகளில் 'கவுன்ட்டி ஜெயில்' என்று அடிக்கடி வருகிறதே, கொலை கேஸில் பிடிபட்டவனையும் குடித்துவிட்டு கார் ஓட்டியவனையும் அங்கே ஒரே அறையில் போட்டுவிடுவார்களா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கவுன்ட்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி; அதன் ஜெயில்தான் இது. ஒரே அறையில் போடக்கூடாது என்பதற்காகத்தான் வந்தவுடன் அத்தனை கேள்வி கேட்கிறார்கள். கைரேகை, போட்டோ, உடல் சோதனை முடிந்ததும் ஒரு அதிகாரி உட்கார்ந்து விசாரிப்பார்: முன்பு உள்ளே இருந்ததுண்டா, எந்த கேங், உள்ளே பகையாளி யாராவது இருக்கிறார்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா. கடைசிக் கேள்வி சம்பிரதாயத்துக்கு இல்லை. அங்கே உள்ளூர் ஜெயில் சாவுகளில் பல வருஷங்களாகத் தற்கொலைதான் முதல் காரணம். பதில்களையும் வழக்கின் தன்மையையும் வைத்துத்தான் எந்தப் பிரிவு, தனி செல்லா, இன்னொருவரோடா என்று முடிவாகும்.

அங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் விசாரணைக் கைதிகள், அதிலும் நிறையப் பேர் ஜாமீன் பணம் கட்ட வழியில்லாமல் கிடப்பவர்கள். மீதிப் பேர் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு உட்பட்ட தண்டனைக்காரர்கள். கலிபோர்னியாவில், மாநிலச் சிறைகள் பிதுங்கியதால் 2011-இல் சட்டத்தை மாற்றி, வன்முறை சேராத குற்றங்களில் நீண்ட தண்டனை பெற்ற பலரையும் கவுன்ட்டிகளின் தலையில் கட்டிவிட்டார்கள்.

கேள்வி: அத்தனை பேரை எப்படிக் கண்காணிக்கிறார்கள்? கேமரா போதாதா?

பதில்: போதாது. பழைய ஜெயில்களில் நீளமான நடை, வரிசையாகக் கம்பி போட்ட செல்கள்; காவலர் ஒரு நடை வந்து போவார், அவர் முதுகு மறைந்ததும் உள்ளே பலசாலி வைத்ததுதான் சட்டம். பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் காவலரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். 1970-களின் நடுவில் சிகாகோ, நியூயார்க், சான் டியேகோ மூன்று இடங்களிலும் மத்திய அரசு கட்டிய காவல் கட்டடங்களில்தான் கூண்டையே எடுத்துவிட்டு, ஐம்பது பேர் சுற்றிவரும் கூடத்துக்குள் ஒரே ஒரு அதிகாரியை, துப்பாக்கி இல்லாமல், ஒரு மேஜையோடு உட்கார வைத்தார்கள். கவுன்ட்டி அளவில் இதை முதலில் செய்தது கலிபோர்னியாவின் மார்ட்டினெஸ் ஊர் ஜெயில், 1981-இல். பைத்தியக்காரத்தனம் என்று அப்போது சொன்னவர்கள் உண்டு, ஆனால் சண்டை குறைந்தது. எவன் சாப்பாட்டை எவன் பிடுங்குகிறான் என்பது பக்கத்திலேயே இருக்கும் அதிகாரிக்கு அடிதடிக்கு முன்பே தெரிந்துவிடுமே.

ராத்திரி வேலை வேறு மாதிரி. கலிபோர்னியா விதிப்படி மணிக்கு ஒரு தடவையாவது ஒவ்வொருவரையும் நேரில், கண்ணால் பார்க்க வேண்டும். கதவின் சின்னக் கண்ணாடி வழியே டார்ச் அடித்து, போர்வைக்குள் மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள், தலையோடு போர்த்தியிருந்தால் கதவைத் தட்டி அசையச் சொல்வார்கள். பல இடங்களில் சுவரில் இருக்கும் பட்டனைக் கையிலுள்ள கருவியால் தொட்டால் நேரம் பதிவாகிவிடும். அதிலும் பட்டனை மட்டும் தொட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்க்காமல் போகிறவர்கள் உண்டு! ஆள் பற்றாக்குறையில் ஒருவரே இரண்டு மூன்று கூடங்களைப் பார்க்கும்போது எந்தக் கட்டட அமைப்பும் காப்பாற்றாது என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: இதற்கெல்லாம் பொறுப்பு யார்?

பதில்: பெரும்பாலான மாநிலங்களில் ஷெரிப், அதாவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்ட்டி போலீஸ் தலைவர். கென்டக்கியில் ஜெயிலருக்கென்றே தனியாகத் தேர்தல் நடக்கிறது.